பெயருக்கு முன்னால் ஒரு சொல்

1990 நவம்பர் 13, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபது. செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் தூறல். கொளவாய் ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று. சென்னையிலிருந்து வந்த முதல் பஸ்ஸின் மேலிருந்து ஆங்கிலப் பத்திரிகைக் கட்டை இறக்கினார்கள். மேலே இருந்த தாள்கள் நனைந்துவிட்டன. ஏஜெண்ட் அடியிலிருந்து ஒன்றை உருவி என்னிடம் கொடுத்தார். எனக்குப் பதினான்கு வயது, உங்களோடு ஒன்பதாம் வகுப்பு.

இப்போது நமக்கெல்லாம் ஐம்பதை நெருங்குகிறது. உங்களில் பலர் காலையில் ஓடுவதாகப் படம் போடுகிறீர்கள். நான் மாத்திரைகளை எண்ணிப் பெட்டியில் போட்டுவிட்டு, எண்ணியது சரியா என்று மறுபடி எண்ணுகிறேன். என் வீட்டில் என்னைப் பெருசு என்று கூப்பிடுகிறார்கள். கோபமில்லை. இந்த எண்ணும் வியாதி எனக்கு வந்தது அந்த மழைக்காலத்தில்தான் என்பதைப் பள்ளி மலரில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

அப்பாவின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். மணிக்கூண்டு போகும் வழியில் மாடியில் இருந்தது. ஆறு மெஷின்கள். படியேறும்போதே ரிப்பன் மையும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை வரும். நம் வகுப்பில் ஏழு பேர் அங்கே லோயர் பாஸ் செய்தீர்கள். அப்பாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சென்னையிலிருந்து வரும் அந்த ஆங்கிலப் பத்திரிகைக்கு அவர் பகுதி நேர நிருபர். சம்பளம் கிடையாது. அச்சான செய்தியை அங்குலக் கணக்கில் அளந்து பணம் அனுப்புவார்கள். அளப்பது என் வேலை.

அன்றும் படிக்கும் முன்பே அளந்தேன். நான்காம் பக்கத்தில் கீழே செங்கல்பட்டு என்று ஊர் போட்டு ஒரு செய்தி. மர ஸ்கேலை வைத்தேன். மூன்றரை அங்குலம். அந்த வருஷத்தில் அப்பாவுக்கு அவ்வளவு நீளமாக எதுவும் வந்ததில்லை. மழையில் தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினேன்.

“அப்பா, மூன்றரை” என்றேன்.

அப்பா கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே வாங்கினார். நின்றபடியே படித்தார். வாயில் பேஸ்ட் நுரை இருந்தது. அவர் துப்பவில்லை.

“இன்னா போட்டுகீறாங்க?” என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

அப்பா நுரையை விழுங்கினார்.

இரண்டு நாள் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஒரு தம்பி. எனக்கு அவர் சின்ன மாமா. அப்பாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். அப்பாவுக்கு அவர் மச்சான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, கல்பாக்கம் டவுன்ஷிப்பில் கட்டட வேலை எடுத்திருந்த ஒரு தனியார் கம்பெனியில் தினக்கூலியாகப் போய்க்கொண்டிருந்தார். அந்த டிசம்பரில் கம்பெனி நான்கு பேரை நிரந்தரமாக எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தது. படம் ஒட்டிய கேட் பாஸ், மாதச் சம்பளம், பி.எஃப். சின்ன மாமாவின் பெயர் நான்காவது. கருங்குழியில் அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வயலில் நெல் அறுத்தவர். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் மாதக் கடைசியில் பணம் வந்ததில்லை. வேலை முடிந்தால் கூலி, வேலை இல்லாவிட்டால் இல்லை. அதனால் கேட் பாஸுக்கு எடுத்த படத்தின் இன்னொரு பிரதியை அம்மா சாமி படங்களுக்குப் பக்கத்தில் குத்திவைத்திருந்தாள். அந்தப் படத்தில் சின்ன மாமா யாரோ திட்டியதுபோல விறைத்துக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை இருட்டும் நேரத்தில் கருங்குழி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த நான்கு பேரைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியது. கிணற்று மோட்டார்களில் செம்புக் கம்பி திருடு போய்க்கொண்டிருந்த சமயம். அவர்களில் சின்ன மாமாவும் ஒருவர், கையில் ஸ்பானரும் ஹேக்சாவும் வைத்த பை. வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை.

திங்கள் மதியம் ஸ்டேஷனில் நிருபர்களுக்குக் கொடுத்த பட்டியலில் மூன்றாவதாக மச்சானின் பெயர் இருப்பதை அப்பா பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தார். “விசாரிச்சு சாயங்காலம் வுட்டுருவோம் சார், கேஸெல்லாம் இல்ல” என்றார் அவர். சொன்னபடியே விட்டார்கள். ஆனால் அப்பா நான்கு மணிக்கே தந்தி ஆபீஸ் போய்ச் செய்தியை அனுப்பிவிட்டார். நான்கு பெயர்களோடு.

ஏன் அனுப்பினார் என்று அம்மா அவரை வாழ்நாள் முழுக்கக் கேட்டாள். அவர் சொன்ன பதில் ஒன்றுதான். தமிழ்ப் பத்திரிகை நிருபர்களும் அதே பட்டியலை வாங்கிப் போய்விட்டார்கள். எப்படியும் வரும். அவர்கள் கன்னாபின்னாவென்று போடுவார்கள். ஆங்கிலத்தில் தான் எழுதினால், விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள் என்று சுத்தமாக வரும், பார்க்க வேண்டியவர்கள் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். அப்பாவைக் கூலி வேலையிலிருந்து மேலே ஏற்றியது ஆங்கிலம். அது தன்னை ஒருநாளும் ஏமாற்றாது என்று நம்பினார்.

அவர் மறந்துபோனது ஒன்று உண்டு. அதை எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். தந்தியில் சொல்லுக்குக் காசு. அதனால் நிருபர்கள் அடைமொழிகளையெல்லாம் உருவிவிட்டு எலும்பை மட்டும் அனுப்புவார்கள். சென்னையில் உதவி ஆசிரியர் உட்கார்ந்து அந்த எலும்புக்குச் சதை வைப்பார். ஏரி என்று அனுப்பினால் பாசன ஏரி ஆகும். கிழவி என்று அனுப்பினால் ஆதரவற்ற கிழவி ஆவாள். பிடிபட்டவன் பெயர் என்றால் அதற்கு முன்னால் நொட்டோரியஸ் என்று போடுவார்கள்.

இன்ஸ்டிடியூட்டில் வேகப் பயிற்சிக்காகப் பழைய பத்திரிகைகள் கட்டுக்கட்டாக இருந்தன. விடுமுறைகளில் நான் அவற்றைப் புரட்டியிருக்கிறேன். சாராயம் காய்ச்சியவன் நொட்டோரியஸ். சைக்கிள் திருடியவனும் அப்படியே. முதல் முறையாகப் பிடிபட்ட பத்தொன்பது வயதுப் பையனும் அதே. மதுராந்தகம் தாண்டி ஒரு சாலை வளைவுக்கும் அதையே போட்டிருந்தார்கள், விபத்து நடக்கும் வளைவாம். போலீஸ் பிடித்து அந்தச் சொல் இல்லாமல் அச்சானவர்களை எண்ண என் ஒரு கை விரல்கள் போதும். அகராதியில் கெட்டதற்குப் பேர்போன என்று இருந்தது, இவர்கள் எல்லோருமா என்று அப்பாவைக் கேட்டிருக்கிறேன். “அர்த்தமெல்லாம் போயிடுச்சுடா. இனிஷியல் மாதிரி, பேருக்கு முன்னால நிக்கும்” என்றார்.

மூன்றரை அங்குலத்தில் முதல் வரியிலேயே அது நின்றது. அழைத்துச் செல்லப்பட்டார்கள் என்பது பிடிபட்டார்கள் ஆகியிருந்தது. அதைக்கூட விடலாம். ஒரு பெயரும் விடாமல் நான்குக்கும் சேர்த்து அந்தச் சொல்.

தமிழ்ப் பத்திரிகைகளும் அன்றே போட்டிருந்தன. பிரபல கம்பித் திருடர்கள் என்று. அது யாரையும் உறுத்தவில்லை. நம் ஊரில் பல் டாக்டரும் பிரபலம், ஜவுளிக்கடையும் பிரபலம். சின்ன மாமா டீக்கடைக்குப் போனபோது, “வாய்யா பிரபலம், உனுக்கு ஸ்பெஷல் டீயா சாதாவா?” என்று கேட்டிருக்கிறார்கள். “ஸ்பெஷல் போடு அண்ணாத்த, கையெழுத்து போட்டு தரேன்” என்று இவரும் சொல்லியிருக்கிறார். மாலைக்குள் அந்தத் தாளில் வேர்க்கடலை மடித்தாகிவிட்டது.

அன்று மாலை சின்ன மாமா சிரித்துக்கொண்டேதான் இன்ஸ்டிடியூட் மாடிக்கு வந்தார். அப்பா பத்திரிகையை நீட்டவில்லை. நீட்டத் தேவையில்லாமல் போய்விட்டது. மூன்றாவது மெஷினில் லோயர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, அன்றைய பத்திரிகையின் நான்காம் பக்கத்தை ஸ்டாண்டில் மடித்துவைத்து வேகமாக அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதில் உள்ளவர் யாரென்று தெரியாது. இன்ஸ்டிடியூட்டின் வழக்கமே அதுதான். ஒரே பத்தியைப் பத்து முறை அடிக்க வேண்டும், தப்பில்லாமல்.

நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டாள். “சார், பேப்பர்ல இங்க மை கலைஞ்சுகீது. நொட்டோரியஸ்ல எத்தினி ஓ சார்?”

சின்ன மாமா எழுந்து போய் அவள் தோளுக்கு மேலே பார்த்தார். தன் பெயரை அங்கே பார்த்தார். அவள் அடித்து முடித்த தாளில் அது ஏற்கெனவே நான்கு முறை இருந்தது.

“மூணு” என்றார்.

அவள் நன்றி சொல்லிவிட்டு மறுபடி அடிக்கத் தொடங்கினாள்.

படியிறங்கும்போது சின்ன மாமா அப்பாவிடம் கேட்டார். “மாமா, எங்க ஆபீஸர் தமிழ் பேப்பர் தொடமாட்டாரு. இந்த பேப்பர்தான் காலைல அவர் டேபிள்ல கீது. நீ எழுதலன்னா இங்கிலீஷ்ல இது வந்தே இருக்காதே?”

வந்திருக்காது. அந்தப் பகுதிக்கு ஆங்கிலத்தில் எழுத வேறு ஆளே இல்லை.

வியாழக்கிழமை மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. அப்பாவும் சின்ன மாமாவும் சென்னைக்குப் பத்திரிகை ஆபீஸுக்குப் போனார்கள். என்னையும் அழைத்துப் போனார்கள். அப்பா முன்பு அனுப்பிய செய்திகளையெல்லாம் ஒட்டிய தடி நோட்டைத் தூக்குவதற்கு. அவர் அங்கே எழுதுகிறவர் என்பதற்கு அவரிடம் வேறு சான்று இல்லை.

அந்த உதவி ஆசிரியர் கெட்டவர் இல்லை. அப்பாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். செய்தியைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

“பேர் சரியா?”

“சரி சார்.”

“வயசு? ஊர்?”

“சரி.”

“போலீஸ் கூட்டிட்டுப் போனது?”

“போனாங்க சார், ஆனா சாயங்காலமே...”

“அப்புறம் எதைத் திருத்தறது?”

அப்பா விரலை வைத்துக் காட்டினார்.

“அது தகவல் இல்லையே. தகவல் தப்பா இருந்தாத்தான் திருத்தம் போடுவோம்.” அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். “முப்பது வருஷமா போடறோம். அது இல்லாம பேரைப் போட்டா மொட்டையா இருக்கும் சார். யார் அதைப் படிக்கறா?”

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கை முன்னாலிருந்த வேறொரு தந்தியில் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒருவன். பெயருக்கு முன்னால் சிறு கூரை போல ஒரு குறி போட்டு அதே சொல்லை எழுதினார். நான் மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகப் படித்தேன். அவர் அதை எழுதும்போது அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே விளம்பரம் வாங்கும் கவுண்டர் இருந்தது. அங்கே காசு கொடுத்தால் எதையும் போடுவார்கள் என்று படியிலேயே ஒரு பையன் சொன்னான். சின்ன மாமாவுக்கு உயிர் வந்தது. மூன்று பேரும் குனிந்து நின்று ஓர் அறிவிப்பு எழுதினோம். அதுவும் சொல்லுக்குக் காசு. அப்பா தந்திப் பழக்கத்தில் ஒவ்வொரு சொல்லாக வெட்டினார். சின்ன மாமா வெட்டவிடவில்லை.

“கேஸ் இல்லன்றது இருக்கட்டும் மாமா. அத எடுக்காத.”

“நொட்டோரியஸ் இல்லைன்னு போட்டாச்சே, போதும் மச்சான்.”

“எனுக்குப் போதாது.”

கவுண்டரில் இருந்தவர் பேனா நுனியால் எண்ணினார். “நாட் நொட்டோரியஸ்னா நாட் தனி வார்த்தை சார்” என்றார்.

சனிக்கிழமை அது வந்தது. ஸ்கேலில் முக்கால் அங்குலம். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனாலும் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். “இதுல அவன் பேரு எது?” என்று கேட்டாள். காட்டினேன். “பக்கத்துல இன்னா கீது?” என்றாள். காட்டினேன். அந்தச் சொல்தான். இல்லை என்று சொல்வதற்கும் அதை மறுபடி அச்சடிக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை கல்பாக்கத்திலிருந்து ஆள் வந்து சின்ன மாமாவை வரச்சொன்னார். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு கூடவே கிளம்பினார். மழை விடுமுறை இன்னும் முடியவில்லை, நானும் போனேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சாலையின் இருபுறமும் வயல் முழுக்கத் தண்ணீர். சின்ன மாமா பஸ்ஸில் விரலால் முழங்காலில் ஏதோ அடித்துக்கொண்டே வந்தார்.

கம்பெனி ஆபீஸ் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீள ஷெட். அதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், மரியாதையானவர். எல்லோரையும் வாங்க போங்க என்பார். மேஜையில் சின்ன மாமாவின் விண்ணப்பம். அதன் மேல் குண்டூசியில் இரண்டு பத்திரிகைத் துண்டுகள்.

“முதல் துண்டைப் பார்த்து நானே சந்தேகமாத்தான் வெச்சிருந்தேனுங்க” என்றார். “ரெண்டாவதும் வந்துருச்சு. ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு யாராவது காசு குடுத்து மறுப்பாங்களா?”

அப்பா ஆங்கிலத்தில் தொடங்கினார். நல்ல ஆங்கிலம். அந்தச் சொல்லை யாரும் யோசித்துப் போடுவதில்லை, பிடிபட்ட எல்லோருக்கும் போடுவார்கள், தந்தியில் இல்லாததைச் சென்னையில் சேர்க்கிறார்கள் என்று விளக்கினார். அதிகாரி கேட்டுக்கொண்டே இருந்தார்.

“இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

அப்பா தடி நோட்டை மேஜையில் வைத்துத் திறந்தார். “இந்த நியூஸை அனுப்பினதே நான்தான் சார். பதினோரு வருஷமா இந்தப் பேப்பருக்கு எழுதறேன். என் தந்தியில அந்த வார்த்தை கிடையாது. வேணும்னா தந்தி நகலைக் கொண்டுவந்து காட்டறேன்.”

அதிகாரி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். அப்பாவைப் பார்த்தார், பிறகு சின்ன மாமாவை.

“இவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“என் சம்சாரத்தோட தம்பி.”

“சொந்த மச்சானை நீங்களே எழுதியிருக்கீங்களா?”

அப்பா ஆமாம் என்றார். நேர்மைக்கு அதைவிடப் பெரிய சான்று இல்லை என்று நினைத்தார். அவர் முகத்தில் அந்த நம்பிக்கையை நான் பார்த்தேன், கடைசித் தடவையாக.

அதிகாரி விண்ணப்பத்தை மெதுவாக மூடினார். “போலீஸ் சொன்னா பொய்யா இருக்கலாம். பேப்பர்காரன் சொன்னாலும் இருக்கலாம். வீட்டு ஆளே பேர் போட்டு எழுதறார்னா, நான் எதை நம்பி கேட் பாஸ்ல கையெழுத்துப் போடறதுங்க? நாளைக்கு ஒரு கம்பி காணாமப்போனா என்னையத்தானுங்க கேப்பாங்க?”

“சார், அவன எழுதுனது அவன காப்பாத்தத்தான்” என்றார் அப்பா. இப்போது தமிழில்.

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

சின்ன மாமா எழுந்து நின்றார். “சார், தினக்கூலியாவாச்சும்?” என்று மட்டும் கேட்டார். அதுவும் இல்லை என்பதைத் தலையை ஆட்டிச் சொல்லிவிட்டு அதிகாரி வேறு தாளை எடுத்தார்.

வெளியே மழை விட்டிருந்தது. சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து கடல் இரைச்சல் கேட்டது. ஸ்டாஃப் பஸ்கள் வரிசையாக நின்றன. அப்பா அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். சின்ன மாமா அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்.

“எந்திரி மாமா. பஸ் போயிட்டா அடுத்தது ரெண்டு மணிக்குத்தான்.”

“மச்சான், நான் சொல்லாம இருந்திருக்கணும்.”

“நீ எழுதாம இருந்திருக்கணும். சொன்னதுல இன்னா கீது.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அப்பா பஸ்ஸில் அழுதார்.

இரண்டு பேருமே அப்போது முட்டாள்கள் என்று நான் நினைத்தேன். இப்போது என் அப்பாவின் அந்த வயதைத் தாண்டிவிட்டேன். நாம் மதிக்கும் ஒன்று நம் ஆட்களையும் மதிக்கும் என்று நினைப்பது முட்டாள்தனம்தானா என்று தெரியவில்லை. என்னவாக இருந்தாலும் அதற்கான விலையை அவர் கொடுக்கவில்லை, மற்றவர் கொடுத்தார்.

அப்பா செய்தி அனுப்புவதை நிறுத்தினார். அந்தப் பத்திரிகையை இன்ஸ்டிடியூட்டில் வாங்குவதையும் நிறுத்தினார். பிள்ளைகள் வேகப் பயிற்சிக்குப் பாடப்புத்தகத்தை அடித்தார்கள். ரிப்பன் காய்ந்தால்கூட மாற்ற மறந்துவிடுவார். தொண்ணூற்றெட்டில் கம்ப்யூட்டர் சென்டர்கள் வந்தபோது ஆறு மெஷின்களையும் விற்றுவிட்டார், வருத்தமே இல்லாமல். அம்மா அவரோடு பேசினாள், சோறு போட்டாள். ஆனால் அவர் ஏதாவது எழுத உட்கார்ந்தால், மளிகைச் சீட்டாக இருந்தாலும், எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

சின்ன மாமா மற்ற கான்ட்ராக்ட்காரர்களிடம் போனார். எல்லோரும் முதலில் கேட்டது முந்தின இடத்தை ஏன் விட்டாய் என்பது. மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் தண்ணீர் மோட்டார் பார்த்தார். சீசன் முடிந்ததும் ஆள் வேண்டாம் என்றார்கள். பிறகு கடலோரச் சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டி லாரியில் ஏற்றினார். ஃபிட்டர் சர்ட்டிஃபிகேட்டைப் பாலித்தீன் உறையில் போட்டு, கல்யாணம் செய்துகொள்ளாமல், பூஞ்சேரியில் ஒரு வாடகை அறையில் இருந்தார். பொங்கலுக்கு வருவார். எனக்குக் கரும்பு வாங்கிவருவார். அப்பாவோடு ஒரு தட்டில் கடலை கொறிப்பார். “இன்னா மாமா, உடம்பு எப்பிடி கீது?” என்பார். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. 2007-இல் லாரியில் ஏற்றும்போது கட்டு சரிந்து மார்பில் விழுந்தது. நாற்பத்து மூன்று வயது. எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அம்மா அதைக் கேட்டு, “நல்லது” என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு வேலையாகக் கல்பாக்கம் போனவன் பஸ் நிலையத்தில் ஒருவரைப் பார்த்தேன். தொப்பை போட்ட, சிரித்த முகம். அவரே பேச்சுக் கொடுத்தார். என் அம்மாவுக்குக் கருங்குழி என்றதும் சின்ன மாமாவின் பெயரைச் சொல்லி, தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன், உறவைச் சொல்லவில்லை. சின்ன மாமாவின் பெயர் எடுக்கப்பட்டதும் நான்காவது இடத்துக்கு வந்தவர் இவர்தான். நல்ல மனிதர். ஹோட்டலுக்குள் இழுத்துப் போய் நாஸ்தா வாங்கிக் கொடுத்தார். அந்தப் பையனுக்கு வேலை நன்றாகத் தெரியும், என்னவோ நேரம் என்றார். கம்பெனி மூடிவிட்டதாம், எல்லோருக்கும் கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டார்களாம், பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வீட்டுக்குத் தளமும் போட்டாராம்.

எனக்குத்தான் இந்த வியாதி உண்டே. எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

அவர் இட்லியைச் சாம்பாரில் தோய்த்துக்கொண்டே சொன்னார். “பதினெட்டு வருஷ மாசச் சம்பளத்த வுட்டுரு தம்பி, அது தின்னது. கடைசியா கைல குடுத்தது நாலு லட்சத்து அறுவதாயிரம்.”